டேப்லெட் வாங்கும் முன் ஆசிரியருக்கு நேரம் ஒதுக்குங்கள்

அனுப்புநர்: நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியர்
பெறுநர்: பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர் அவர்கள்
பொருள்: வகுப்பறைத் தொழில்நுட்பத் திட்டத்தில் சில மாற்றங்கள் கோருதல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வகுப்புகளுக்கு டேப்லெட், செயற்கை நுண்ணறிவு எல்லாம் வரப்போகிறது என்கிறார்கள். வரட்டும், மனமார வரவேற்கிறேன். ஆனால் முதலில் எது, அப்புறம் எது என்பதில்தான் இது பிழைப்பதும் வீணாவதும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மனு.

மின்சுற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "பல்பு கொஞ்சம் கரண்டை எடுத்துக்குமே சார், அப்போ திரும்பி வரும்போது குறைஞ்சிருக்கும்ல?" என்றாள். நிறையப் பிள்ளைகளின் மனதில் இருக்கும் எண்ணம்தான் இது, எத்தனை முறை வாயால் சொன்னாலும் போகாது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் இலவச சிமுலேஷனை, அதாவது சோதனையைக் கணினியிலேயே செய்து பார்க்கும் மென்பொருளை, திரையில் போட்டு, பல்புக்கு முன்னால் கரண்டை அளக்கும் ஒரு அம்மீட்டர், பின்னால் ஒரு அம்மீட்டர் வைத்தேன். இரண்டிலும் ஒரே அளவு. அவளே வந்து அதே கம்பியில் இன்னொரு பல்பைச் சேர்த்தாள், இரண்டு அம்மீட்டரும் சேர்ந்தே குறைந்தன. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ பல்பு எதைத்தான் எடுத்துக்குது?" என்று கேட்டாளே, ஆற்றல் பாடம் அந்த இடத்தில்தான் தொடங்கியது.

இதற்குத் தேவைப்பட்டது ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர், முன்பே இறக்கி வைத்த ஒரு கோப்பு. இணையம்கூட வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை எங்கே வைப்பது, எந்தக் கேள்வியோடு நிறுத்துவது என்று யோசித்துத் தயாராக எனக்கு இரண்டு மாலைகள் ஆயின, அந்த நேரத்தை எந்தத் திட்டமும் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் என் முதல் கோரிக்கை: கொள்முதலுக்கு முன்பே ஒவ்வொரு ஆசிரியருக்கும் வாரத்தில் இரண்டு பாடவேளையைத் தயாரிப்புக்கென்று கால அட்டவணையிலேயே ஒதுக்குங்கள்.

பெரு நாட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். பிள்ளைகளுக்காக 8 லட்சத்துக்கும் மேல் லேப்டாப் வாங்கினார்கள். 2012இல் வெளியான அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கியின் ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் கற்றல் முன்னேறியதற்குச் சான்றில்லை என்றது. கருவி போய்ச் சேர்ந்தது, பாடம் நடத்தும் முறை அப்படியே இருந்தது. அதே மாதிரி நாமும் பணத்தைத் தொலைக்க வேண்டாம்.

அடுத்தது செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு வீட்டுப்பாடக் கட்டுரைக்குப் பழைய அர்த்தம் இல்லை, சரி, ஒப்புக்கொள்வோம். அதற்காக, 'இது எந்திரம் எழுதியது' என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருளை நம்பிப் பிள்ளைகளைத் தண்டிக்க ஆரம்பித்தால் அது பெரிய அநியாயம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, துல்லியம் போதவில்லை என்று தன் கண்டறியும் கருவியை 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அந்த மாதிரி மென்பொருள் காட்டுவதை மட்டும் வைத்து யாருக்கும் மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் பிள்ளையை உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேசினாலே தெரிந்துவிடும். அப்படியே, வகுப்பில் சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற யுனெஸ்கோவின் 2023 பரிந்துரையையும், பிள்ளைகளின் தகவலை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதற்குச் செலவே கிடையாது. என் வகுப்பில் பார்வையற்ற மாணவன் ஒருவன் இருக்கிறான். பார்வையற்ற ஒருவர் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்ற, திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் இலவசத் திரைவாசிப்பானைத்தான் பயன்படுத்துகிறான். எங்களுக்குக் கிடைக்கும் பாடநூல் பிடிஎஃப், பக்கங்களை ஸ்கேன் செய்த படம். அதில் எழுத்தே இல்லாததால் திரைவாசிப்பான் பக்கத்துக்குப் பக்கம் மௌனமாக நகர்கிறது, நண்பர்கள்தான் மாறி மாறி வாசித்துக் காட்டுகிறார்கள். அச்சுக்குப் போகும் மூலக் கோப்பு உங்கள் துறையில் இருக்கத்தானே செய்யும்? அதிலிருந்து, எந்தக் கணினியும் எழுத்தாகவே படிக்கக்கூடிய யூனிகோடு முறையில், படங்களுக்கு விளக்கக் குறிப்போடு பாடநூல்களை வெளியிடுங்கள். மற்றவற்றுக்கு நாளாகும் என்றாலும், இதையாவது அடுத்த பருவம் தொடங்குவதற்குள் செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர்