கதை மேல் மட்டும் பழி போட்டால் எப்படி?

ஆசிரியருக்கு வணக்கம்.

எடுக்கப்படாமலே போன அறிவியல் புனைவு கிளைத் தொடர்கள் (ஒரு தொடரிலிருந்து பிரித்துத் தனியாக எடுக்கும் தொடர்கள்) பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். இதையெல்லாம் தமிழில் யார் எழுதுகிறார்கள், அந்த வகையில் சந்தோஷம்தான். ஆனால் அமெரிக்க விண்வெளித் தொடரான ஸ்டார் ட்ரெக்கிலிருந்து கிளைக்கவிருந்த 'அசைன்மென்ட்: எர்த்' பற்றி, கதை சொதப்பல் அதனால் சேனல் வாங்கவில்லை என்று இரண்டே வரியில் முடித்துவிட்டீர்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலில், அந்தக் கதை ஸ்டார் ட்ரெக்குக்காகப் பிறந்ததே இல்லை. ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி 1966லேயே அதை அரைமணி நேரத் தனித் தொடராக எழுதி வைத்திருந்தார், விலை போகவில்லை. அப்புறம் ஸ்டார் ட்ரெக்குக்கு அடுத்த சீசன் உண்டா இல்லையா என்று இழுபறியானபோது, அதைத் தூசி தட்டி எடுத்து, எழுத்தாளர் ஆர்ட் வாலஸோடு சேர்ந்து, ஸ்டார் ட்ரெக்கின் நாயகர்களான கிர்க்கையும் ஸ்பாக்கையும் உள்ளே சொருகி, இரண்டாவது சீசனின் கடைசி எபிசோடாக்கிவிட்டார். என்பிசி சேனலில் அது வந்தது 1968 மார்ச் 29 அன்று.

இன்று அதைப் போட்டுப் பாருங்கள். வேறொரு கிரகத்தில் பயிற்சி பெற்று வந்த பூமிக்காரர் கேரி செவன், நியூயார்க்கில் அவருக்கு ஓர் ஆபீஸ், வாதம் செய்யும் கம்ப்யூட்டர், பேனா மாதிரி ஓர் ஆயுதம், மடியில் ஒரு கறுப்புப் பூனை. அந்த ஆபீஸில் வேலை பார்க்கும் ராபர்ட்டாவாக டெரி கார். தான் பேசுவதையெல்லாம் டைப்ரைட்டர் தானாகவே அடித்துக்கொண்டு போவதைப் பார்த்து அவர் பதறுகிற அந்த ஒரு காட்சி போதும், இந்த ஜோடியை வாராவாரம் பார்த்திருக்கலாமே என்று தோன்றிவிடும். சிக்கல் எங்கே என்றால், கிர்க்குக்கும் ஸ்பாக்குக்கும் வேலையே இல்லை. ராக்கெட் தளத்தில் காவலர்களிடம் மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டில் தெரியாத ஆட்கள் மாதிரி நிற்கிறார்கள், கடைசியில் கேரி செவனுக்கும் ராபர்ட்டாவுக்கும் இன்னும் சுவாரசியமான அனுபவங்கள் காத்திருக்கின்றன என்று வராத தொடருக்கு விளம்பரம் வேறு செய்துவிட்டுக் கிளம்புகிறார்கள். கிர்க்கைப் பார்க்க உட்கார்ந்தவனுக்குக் கடுப்பு வராமல் என்ன செய்யும்? ஓடுகிற தொடருக்குள் இன்னொரு தொடரின் முன்னோட்டத்தை ஒளித்து வைத்தால் இரண்டுக்குமே கெடுதல். ஸ்டார் ட்ரெக்குக்கு மூன்றாவது சீசன் கிடைத்தது, கேரி செவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

(அதே எபிசோடில், இன்று முக்கியமான படுகொலை ஒன்று நடக்கப்போகிறது என்று ஸ்பாக் போகிற போக்கில் சொல்வார். ஒளிபரப்பாகி ஆறாம் நாள் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். தற்செயல்தான், இருந்தாலும் அந்த வசனம் வரும்போது ஒரு மாதிரி இருக்கும்.)

சரி, தனியாகவே முன்னோட்டம் எடுத்தால் பிழைத்திருக்குமா? பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரான 'டாக்டர் ஹூ'விலிருந்து கிளைத்த 'கே-9 அண்ட் கம்பெனி'யை பிபிசி அப்படித்தான் எடுத்தது. 1981 டிசம்பர் 28 அன்று ஒளிபரப்பானபோது 84 லட்சம் பேர் பார்த்தார்கள், அதுவும் ஒரு டிரான்ஸ்மிட்டர் பழுதாகி வடமேற்கு இங்கிலாந்தில் பல வீடுகளுக்கு அது போய்ச் சேராத நிலையில். அப்படியும் தொடர் வரவில்லை. அதன் டைட்டில் காட்சி சகிக்காது என்பது உண்மைதான், ஆனால் அதன் நாயகியான அதே சாரா ஜேனை வைத்து, அதே எலிசபெத் ஸ்லேடன் நடிக்க, அதே பிபிசி 2007ல் தனித் தொடர் தொடங்கியது, நன்றாகவும் ஓடியது. அப்படியென்றால் 1981ல் குறை பாத்திரத்திலா இருந்தது, சொல்லுங்கள்.

இன்னொன்று, 'ஸ்டார் ட்ரெக்: ஃபேஸ் டூ'வை நீங்கள் தொடவே இல்லை. அது தொடர்ச்சிதானே, கிளைத் தொடர் இல்லையே என்று விட்டிருப்பீர்கள், இருக்கட்டும். ஹாலிவுட் ஸ்டுடியோ பாரமவுண்ட் சொந்தமாகச் சேனல் ஆரம்பிப்பதாக இருந்தது, அதற்காக 1977ல் அறிவித்த தொடர் அது. சேனலே வரவில்லை, தொடரும் போயிற்று. முதல் எபிசோடுக்கு எழுதிய கதைதான் 1979ல் சினிமாவானது. கைவிட்ட திரைக்கதைகளில் ஒன்று 1988ல், பின்னால் வந்த ஸ்டார் ட்ரெக் தொடரான 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' எபிசோடாக வந்தது, ஃபேஸ் டூவுக்காக உருவாக்கிய டெக்கர்–இலியா ஜோடியின் சாயல்தான் அதில் வரும் ரைக்கர்–ட்ராய். இலியாவாகத் தேர்வானவர் நம் பம்பாய்க்காரர் பெர்சிஸ் கம்பாட்டா, 1965ன் மிஸ் இந்தியா. அவருக்காகவாவது ஃபேஸ் டூ பற்றி இரண்டு பக்கம் ஒதுக்குங்கள், ஆசிரியரே.

– ஒரு வாசகர், திருச்சி