பெடல் போய்விட்டது, கிளட்ச் போகவில்லை

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில் (விரலால் இழுத்து கியர் மாற்றும் சின்ன நெம்புகோல்) வைத்த ஏஎம்டி கார்களை, அதாவது கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கிளட்சை இயக்கிக்கொள்ளும் கார்களை, வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றின் கையேட்டை எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

நான் புரட்டிப் பார்த்த கையேடுகளில் எல்லாம், வலது பேடிலை இழுத்தால் கியர் கூடும், இடது பேடிலை இழுத்தால் குறையும் என்று படம் போட்டு விளக்கியிருக்கிறீர்கள். நியூட்ரலுக்கு இரண்டே வரி: இன்ஜினை ஸ்டார்ட் செய்ய, பழுதான வண்டியைக் கட்டி இழுக்க. சிக்னலில் நிற்கும்போது நியூட்ரலுக்குப் போகலாமா, இறக்கத்தில் எந்த கியரில் வர வேண்டும், வேகம் குறையும்போது ஒவ்வொரு கியராக நாமே இறக்க வேண்டுமா என்று ஓட்டுபவர் தினமும் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் இல்லை. ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். பாதி தவறு.

இந்தக் கார்களின் கியர் பெட்டிக்குள் இருப்பது பழைய மேனுவல் கியர்பாக்ஸ்தான் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அதே பல்சக்கரங்கள், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கவும் பிரிக்கவும் அதே ஒற்றை கிளட்ச் தட்டு. நம் இடது கால் செய்த வேலையை ஒரு மோட்டாரோ ஹைட்ராலிக் பம்போ செய்கிறது, அவ்வளவுதான். 1989-இல் ஃபெராரி தன் ஃபார்முலா 1 காரில் பேடிலை வைத்து முதல் பந்தயத்திலேயே வென்றபோதும், 1997-இல் அதையே எஃப்355 என்ற சாலைக் காருக்குக் கொண்டுவந்தபோதும் உள்ளே கிளட்ச் இருந்தது. டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எண்ணெய் நிற்கிறது. எவ்வளவு நேரம் ஊர்ந்தாலும் அது தாங்கும். இங்கே தட்டோடு தட்டு உரசுகிறது. டிரைவிங் பள்ளியில் "ஹாஃப் கிளட்ச்சில் ஓட்டாதே" என்று முதல் நாளே அதட்டுவார்கள். அந்தப் பாடம் இந்தக் காருக்கும் அப்படியே பொருந்தும். பெடல் இல்லாததால் அதை மீறுகிறோம் என்பதே ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை.

சிக்னலை எடுத்துக்கொள்வோம். முதல் கியர், கால் பிரேக்கில் அழுத்தமாக. இப்போது கிளட்ச் முழுதாக விலகி நிற்கிறது; தட்டுக்குத் தேய்மானம் இல்லை. ஆனால் அதை விலக்கிப் பிடித்திருக்கும் ரிலீஸ் பேரிங்கின் மேல் சுமை இருந்துகொண்டே இருக்கிறது. சில நொடி நிற்பதென்றால் பரவாயில்லை, கியரிலேயே இருக்கலாம். சிவப்பு நீளும் என்று தெரிந்தால் நியூட்ரலுக்குப் போவதே நல்லது. உண்மையான சேதம் வேறு இடத்தில் நடக்கிறது. முன்வண்டி ஒரு முழம் நகர்ந்ததும் பிரேக்கை லேசாகத் தளர்த்துகிறோம். ஊர்ந்து நகரும் வசதி உள்ள கார்களில் கிளட்ச் பாதி பிடிக்கிறது, வண்டி மெல்ல முன்னே உந்துகிறது, உடனே மறுபடி பிரேக். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் தட்டு சூடேறுகிறது. ஏற்றத்தில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்திப் பிடிப்பவர்கள் இன்னும் மோசம். கருகல் வாடை வந்த பிறகு எச்சரிக்கை விளக்கு எரிந்து என்ன பயன்?

அடுத்தது, இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டும் பழக்கம். கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை இது, இன்னும் போகவில்லை. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள காரில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால், ஐட்லிங்குக்குச் சற்று மேல் வரை எரிபொருளே அடைபட்டுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே எரிபொருள் வேண்டும். ஆக, செலவும் கூடுகிறது, இன்ஜின் பிரேக்கிங்கும் போய்விடுகிறது. அப்புறம் அவசரத்துக்கு கியர் வேண்டும் என்றால், வேகத்தைப் பார்த்து எந்த கியர் என்று கணினி முடிவெடுத்து, கிளட்சைப் பிடிக்க ஒரு கணம் ஆகும். வளைவுக்குள் நுழையும்போது அந்தக் கணம் நீளமானது.

இதே இறக்கத்தில்தான் இடது பேடில் தன் முழு மதிப்பைக் காட்டுகிறது. நான்காவதில் 2500 ஆர்பிஎம்மில் வரும் வண்டியை, சரிவு தொடங்குவதற்கு முன்பே மூன்றாவதுக்கு இறக்கினால், முள் 3300, 3400 பக்கம் எழும்பும். பல கார்களில் கணினியே ஒரு சின்ன முறுக்கு கொடுத்து இன்ஜின் வேகத்தைச் சமன் செய்துவிடும். வண்டியைப் பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடித்தது போல இருக்கும், பிரேக்குக்கும் ஓய்வு. கியரை இறக்கினால் இன்ஜின் அளவுமீறிச் சுற்றும் என்றால் பெட்டி பேசாமல் மறுத்துவிடும். அதைப் பழுது என்று நினைத்துப் பட்டறைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மறுப்பது ஏன் என்று கையேட்டில் ஒரு வரி இருந்தால் போதுமே!

சமதரையில் சிக்னலுக்காக நிற்கப்போகும்போது ஐந்து, நான்கு, மூன்று என்று டக் டக்கென்று பேடிலைத் தட்டி இறங்குவது வேறு விஷயம். கேட்க நன்றாக இருக்கும், நானும் ரசிப்பேன். தேவை மட்டும் இல்லை. மேனுவல் மோடில் இருந்தாலும், வேகம் விழ விழ, இன்ஜின் அணைந்துவிடாதபடி பெட்டியே கியரை இறக்கிக்கொள்ளும். நாம் கூடுதலாக இறக்கும் ஒவ்வொரு கியரும் கிளட்சுக்கும், பல்சக்கரங்களின் வேகத்தைச் சமன் செய்து கியர் விழ வைக்கும் சிங்க்ரோ வளையத்துக்கும் கொஞ்சம் வேலை. பிரேக் பேடை மாற்றுவது எளிது. கிளட்சை மாற்ற கியர்பாக்ஸையே கீழே இறக்க வேண்டும், பிறகு அது பிடிக்கத் தொடங்கும் புள்ளியைக் கணினிக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டும்.

பொறியாளர்களிடம் இரண்டு கோரிக்கைகள். ஒன்று, நியூட்ரலுக்குப் போகும் வழி. ஃபெராரியில் இரண்டு பேடிலையும் சேர்த்து இழுத்தால் நியூட்ரல். வேறு கார்களில் பேடிலால் அங்கே போகவே முடியாது, லீவரைத்தான் தொட வேண்டும். வாடகைக்கு எடுத்த காரில் இதைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? நீங்கள் கூடிப் பேசி ஒரே முறைக்கு வாருங்கள்.

இரண்டாவது, கிளட்சின் நிலையை எங்களுக்குக் காட்டுங்கள். அது எங்கே நிற்கிறது என்பது சென்சார் வழியாகக் கணினிக்கு எப்போதும் தெரியும். சில கார்களில் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்பதைக்கூடப் பட்டறையின் ஸ்கேனர் சொல்லிவிடுகிறது. காருக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் கியர் எண் ஒன்றுதான். தட்டு உரசும்போது எரியவும், முழுதாகப் பிடித்ததும் அணையவும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு வையுங்கள். ஊர்ந்து ஓட்டுபவர் ஒரு வாரத்தில் தானாகவே திருந்திவிடுவார்.

கையேடு எழுதுபவர்களே, உங்களிடம் கேட்பது ஒரு பக்கம்தான். நிற்கும்போது, ஊரும்போது, ஏறும்போது, இறங்கும்போது கிளட்ச் என்ன செய்கிறது என்று அதில் எழுதுங்கள். பார்க்கிங்குக்கு 'பி' இல்லாத காரில் கியரில் விட்டுத்தான் இன்ஜினை அணைக்க வேண்டும், ஹேண்ட்பிரேக்கும் போட வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். எழுதியதை ஷோரூமில் சாவி கொடுப்பவர் கையில் ஒரு பிரதி கொடுங்கள். முதலில் அவர் படிக்கட்டும்.

இப்படிக்கு,
பேடில் வைத்த கார் ஓட்டும் ஒருவர்