தவில்காரனுக்கு 210 ரூபா கணக்கு

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல பிடிச்ச வேலையா நிரந்தர வருமானமான்னு ஒரு கட்டுரை வந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அதுல பேசுனவங்க எல்லாருமே ஐடி வேலைய விட்டுட்டு கேக் கடை வச்சவங்க, கேமரா தூக்குனவங்க. அவங்களுக்கு விடுறதுக்கு முன்னாடியே பிஎஃப் சேர்ந்திருக்கும். நான் மயிலாடுதுறை பக்கம் தவில் வாசிக்கிறவன், வயசு 43. எங்க கதை வேற. நீளமாப் போனா வெட்டிக்கோங்க.

25 வயசுல ரேஷன் கடை சேல்ஸ்மேன் வேலை கிடைச்சும் போகல. அப்பா ஒண்ணும் சொல்லல, அம்மாதான் ரெண்டு நாள் சாப்பிடாம படுத்துக்கிட்டாங்க. சாமி புறப்பாட்டுல மல்லாரி வாசிச்சுட்டு விடியக்காலைல வீட்டுக்கு வர்றப்ப இருக்கிற நிறைவு அரிசி எடை போடுறதுல வருமான்னு நினைச்சேன், இன்னிக்கும் அப்படியேதான் நினைக்கிறேன்.

சிக்கல் வருமானம் கம்மிங்கிறது இல்லீங்க, அது வர்ற விதம். தை, வைகாசி, ஆவணில கைல காசு புரளும். ஆடி, புரட்டாசி, மார்கழில கல்யாணமே கிடையாது. ஆடில வீட்டு நகை அடகுக்குப் போகும், ஆவணில திரும்பும், சம்பாதிச்சதுல பாதி வட்டிக்கே. 2020 மார்ச்ல லாக்டவுன் போட்டாங்க பாருங்க, சித்திரை வைகாசி முகூர்த்தம் மொத்தமும் போயி வாங்குன அட்வான்ஸையும் திருப்பிக் குடுத்தோம். இப்ப செண்டை மேளம், டிஜேன்னு வேற ஆகிப்போச்சு, தாலி கட்டுறப்ப கெட்டிமேளத்துக்கு மட்டும் எங்கள தேடுறாங்க (அதையும் போன்ல போட்டு முடிச்ச கல்யாணம் ஒண்ணு பார்த்தேன், விடுங்க). விரல்ல கூடு மாட்டிக்கிட்டு பலாக்கட்டைல செஞ்ச தவில தோள்ல தொங்கவிட்டு மணிக்கணக்கா நிக்கிற உடம்பு 60க்கு மேல என்ன பண்ணும்? நலிந்த கலைஞர்னு எழுதிக் குடுத்தா இயல் இசை நாடக மன்றத்துல மாசம் 3,000. அப்பா அதத்தான் வாங்குனாரு. வாங்க வேண்டியதுதான், ஆனா அந்த 'நலிந்த'ங்கிற வார்த்தைய எழுதறப்ப அவரு கை நின்னுடுச்சு.

41 வயசுல நான் பேங்குக்குப் போயி அடல் பென்ஷன் கேட்டேன், அதான் நாம கட்டிக்கிட்டே வந்தா 60லேர்ந்து பென்ஷன் தர்ற மத்திய அரசு திட்டம். 40க்கு மேல சேர முடியாதாம். 2015ல அந்தத் திட்டம் வந்தப்ப எனக்கு 33, மாசம் 752 ரூபா கட்டியிருந்தா 60லேர்ந்து மாசாமாசம் 5,000 வந்திருக்கும், எனக்கப்புறம் வீட்டுக்காரிக்கும் அதே 5,000. ஒரு கச்சேரிக்குப் போனா செட்டு ஆளுங்களுக்கு டீ, டிபன், பெட்ரோல்னு அதுக்கு மேல செலவு பண்ணியிருக்கேன். யாரும் சொல்லல, நானும் கேக்கல. அன்னிக்கே வீட்டுக்காரி பேர்ல ஆரம்பிச்சோம், அவளுக்கு 37, மாசம் 1,087. ஆறு மாசத்துக்கு ஒருக்கா மொத்தமா கட்டலாம்னு அங்க இருந்த பொண்ணுதான் சொல்லிச்சு, எங்க மாதிரி ஆளுங்களுக்குன்னே வச்ச மாதிரி இருந்துச்சு. வருமான வரி கட்டுறவங்க சேர முடியாது, எங்களுக்கு அந்தக் கவலை இல்ல.

எனக்கு தபாலாபீஸ்ல பிபிஎஃப், அதான் பொது வருங்கால வைப்பு நிதி. முன்னாடி ஆர்டி (தொடர் சேமிப்பு) போட்டு ரெண்டு தடவ ஆடில நின்னு போச்சு, அதுல மாசாமாசம் கட்டணுமே. பிபிஎஃப்ல வருஷத்துக்கு 500 ரூபா போட்டாக்கூட கணக்கு உயிரோட இருக்கும், கைல இருக்கிறப்ப ஒண்ணேகால் லட்சமோ ஒன்றரை லட்சமோ போடலாம், ஒன்றரைதான் உச்சம். 15 வருஷம் ஆகணும், அதாவது எனக்கு 56, பரவால்ல.

அதனால வேலைய விடு, விடாதன்னு எங்க பசங்களுக்கு யாரும் அட்வைஸ் பண்ண வேணாம். அவங்க தவில விடமாட்டாங்க, தெரிஞ்சதுதான். மாவட்ட அரசு இசைப் பள்ளிகள்ல நாதஸ்வரம், தவில், தேவாரம் படிக்கிற பிள்ளைங்க 18 வயசு ஆனதுமே அங்கயே பேங்கு ஆள வரச்சொல்லி அடல் பென்ஷன் கணக்கு ஆரம்பிச்சுக் குடுக்கலாமே, வருஷத்துல ஒரு நாள் வேலை. 18ல சேர்ந்தா அதே 5,000க்கு மாசம் 210 ரூபாதான். இத நம்ம பேப்பர்ல நாலு பேர் கண்ணுல படுற மாதிரி போடணும்னு கேட்டுக்கிறேன்.

எங்க பொண்ணு நாதஸ்வரம் கத்துக்குறா, தையில 18 ஆகுது. பொங்கல் முடிஞ்சதும் பேங்குக்குக் கூட்டிட்டுப் போறேன்.

இப்படிக்கு,
ஒரு தவில்காரன்,
மயிலாடுதுறை மாவட்டம்