செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு வழக்கம்போல் மாதம் ஒருமுறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டின் பெரும்பகுதி ஒரே விஷயத்தில் போனது: பதவியில் இருப்பவர்கள் தங்கள் சொத்துக் கணக்கை வெளியிடுவது.

ஐ.நா.வின் 2003ஆம் ஆண்டு ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையை முதலில் படித்தோம். அலுவலர்கள் தங்கள் முதலீடு, சொத்து, பெரிய பரிசு, வெளிவேலை எல்லாவற்றையும் தெரிவிக்க ஏற்பாடு செய்ய நாடுகள் முயல வேண்டும் என்கிறது 8ஆம் பிரிவு. 'முயல' என்ற அந்த ஒரு சொல்லில் பலர் நழுவிவிடலாம் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். சரிதான்.

அதிகம் பேசியது பிலிப்பைன்ஸ் பற்றி. தலைமை நீதிபதி ரெனாட்டோ கொரோனா தன் டாலர் கணக்குகளைச் சொத்துப் பட்டியலில் காட்டவில்லை. அவற்றில் 24 லட்சம் டாலர் இருந்ததை விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். அயல்நாட்டுப் பண வைப்புக்கு ரகசியக் காப்பு உண்டு என்றார். 2012 மே மாதம் 23 செனட்டர்களில் 20 பேர் அவருக்கு எதிராக வாக்களிக்க, பதவி போயிற்று. மறைத்ததே போதுமாக இருந்தது. லஞ்சம் கைமாறும்போது சாட்சி இருப்பதில்லை. ஆனால் அந்தப் பணம் வீடாகவோ நிலமாகவோ வைப்பாகவோ எங்காவது நின்றாக வேண்டும். இது எனக்கு அந்த வழக்கைப் பேசியபோதுதான் முழுதாக உறைத்தது.

அப்புறம் உக்ரைன். 2016இல் இணையத்தில் வெளியான பட்டியல்களில் அதிகாரிகள் காட்டியிருந்த ரொக்கத்தைப் பார்த்து மக்கள் திகைத்தார்கள். போரின்போது மூடிய அந்தச் சொத்துப் பதிவேட்டை மேலும் ஓராண்டு மூடிவைக்க 2023இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மக்கள் மனுவில் கையெழுத்துகள் குவிந்தன. அதிபர் சட்டத்தைத் திருப்பி அனுப்பினார். அலமாரியில் பூட்டிய பட்டியலை யாரும் சரிபார்க்க மாட்டார்கள் என்பது கையெழுத்திட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மனைவி, கணவன், பிள்ளைகளின் சொத்தையும் காட்ட வேண்டுமா என்பதில் நமக்குள் ஒருமித்த கருத்து வரவில்லை. வீட்டு முகவரியும் கணக்கு எண்ணும் வெளியே வரக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் குடும்பத்தை விட்டுவிட்டால் பினாமிக்கு வழி திறந்துவிடும் என்பதே என் உறுதியான எண்ணம்.

நம் நிர்வாகிகளும் ஆண்டுதோறும் சொத்து விவரம் தர வேண்டும் என்ற தீர்மானம் இன்று பொதுக்குழு முன் இருக்கிறது. என்னுடையதை இந்த அறிக்கையோடு இணைத்திருக்கிறேன். ஒப்பிட முந்தைய பட்டியல் இல்லை; அடுத்த ஆண்டு இருக்கும்.