மூன்றாவது முறை தள்ளிவைக்காதே: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று மாதமாக உனக்கு மலத்தோடு ரத்தம் போகிறது என்பதையும், ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபிக்கு வாங்கிய நாளை நீ இரண்டு முறை தள்ளிவைத்துவிட்டாய் என்பதையும் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் நீ சொல்லவில்லையே என்ற வருத்தம் எனக்கு இல்லை, ஏனென்றால் என் முறை வந்தபோது நானும் யாரிடமும் சொல்லவில்லை. அதை மூலம் என்று நானே முடிவுசெய்து, பதினோரு மாதம் மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருந்தேன். கடைசியில் படியேறினாலே மூச்சிரைக்கிற அளவுக்கு ரத்தசோகை வந்த பிறகுதான் மருத்துவரிடம் போனேன். உனக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உனக்கு வந்திருப்பது என்ன நோய் என்று பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஆனால் அம்மா விவரித்தவை எனக்கு நன்கு பழக்கமானவை. எனக்கு இருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் புண் அழற்சி. மூலத்தில் பெரும்பாலும் மலம் இயல்பாக இருக்கும். பளிச்சென்ற சிவப்பு ரத்தம் மலம் கழித்து முடிக்கையில் சொட்டும், அல்லது மலத்தின் மேலே படிந்திருக்கும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் ரத்தம் மலத்தோடு கலந்து, சீதத்தோடு, இளக்கமாகப் போகும். பெருங்குடலின் வேலைகளில் ஒன்று மலத்திலிருந்து நீரை உறிஞ்சுவது. உள்சவ்வு வீங்கிப் புண்ணானால் அந்த வேலை கெட்டுவிடுகிறது. மலத்தைத் தேக்கி வைக்க வேண்டிய மலக்குடலும் புண்ணாகிவிடுவதால், சிறிதளவு வந்து சேர்ந்தாலே அடக்க முடியாத அவசரம் ஏற்படுகிறது. ஓடிப்போய் உட்கார்ந்தால் கடுப்புதான் மிஞ்சும். வெளியே வருவது கொஞ்சம் சீதமும் ரத்தமும் மட்டுமே. இரவில் இதற்காகத் தூக்கம் கலைந்து எழுகிறாய் என்றால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல், ஏனென்றால் புண்ணோ அழற்சியோ இல்லாமல் வரும் குடல் எரிச்சல் நோய் பொதுவாக ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதில்லை. அழற்சி மலக்குடலோடு நின்றுவிட்டவர்களுக்கோ சில சமயம் மலச்சிக்கலும் சிவந்த ரத்தமும் மட்டுமே தெரியும். என்னைப் போன்றவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

வேறு காரணங்களும் உண்டு, அவற்றை முதலில் விலக்கியாக வேண்டும். அமீபாவால் வரும் சீதபேதி பார்வைக்கு இதே போல இருக்கும். அதைக் கொலைட்டிஸ் என்று நினைத்து, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பாக்டீரியாத் தொற்றுகளும், ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குப் பின் வரும் ஒருவகைத் தொற்றும், குடல் காசநோயும், கிரோன் நோய் என்ற இன்னொரு குடல் அழற்சியும் இந்த வரிசையில் உண்டு. அதனால்தான் மலப் பரிசோதனை முதலில் வருகிறது. மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவையும் பார்ப்பார்கள். அது கூடியிருந்தால் குடலில் அழற்சி இருக்கிறது என்று தெரியுமே தவிர, எதனால் என்று தெரியாது. அதற்குத்தான் உள்ளே பார்த்து, சவ்விலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து, நுண்ணோக்கியில் பார்க்கும் பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெரும்பாலும் மலக்குடலில் தொடங்கி, நடுவே நல்ல இடம் விடாமல் தொடர்ச்சியாக மேலே ஏறும். கிரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும், விட்டுவிட்டு, குடற்சுவரின் ஆழம் வரை வரக்கூடியது. நீ பயப்படுகிற கொலனோஸ்கோபியில் எனக்குக் கடினமாக இருந்தது முந்தைய நாள் குடலைச் சுத்தம் செய்வதற்காகக் குடிக்கிற மருந்துதான். பரிசோதனையின்போது தூக்கத்துக்கு ஊசி போட்டுவிட்டார்கள். எனக்கு எதுவும் நினைவில்லை.

நீ என்ன சாப்பிட்டதால் இது வந்தது, எதற்காகக் கவலைப்பட்டதால் வந்தது என்று அம்மா தேடிக்கொண்டிருக்கிறார். அவரிடம் அன்பாகச் சொல்: உணவோ மனக்கவலையோ இந்த நோயை உண்டாக்குவதில்லை. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. மரபும் சூழலும் குடல் நுண்ணுயிர்களும் சேர்ந்து, உடலின் எதிர்ப்பாற்றல் தன் பெருங்குடலையே தாக்கும்படி ஆகிறது. பலருக்கும் இது 15 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில்தான் தொடங்குகிறது.

கொலைட்டிஸ்தான் என்று உறுதியானால், இலேசான, நடுத்தர நிலைக்கு முதல் மருந்து, குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமைன். மலக்குடலோடு நின்ற நோய்க்கு ஆசனவாய் வழியாக வைக்கும் குளிகையே முதன்மையானது. இடப்பக்கம் மேலே ஏறியிருந்தால் எனிமாவும் மாத்திரையும் சேர்ந்து கொடுப்பார்கள், மாத்திரையை மட்டும் தருவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது. கூச்சப்பட்டு நான் குளிகையைப் பெட்டியோடு அலமாரியில் வைத்துவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தேன். குளிகை வைக்கத் தொடங்கிய பிறகுதான் ரத்தம் நின்றது. மெசலமைன் போதாதபோது ஸ்டீராய்டு வரும். 1955இல் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு இந்நோயின் தீவிரத்தைத் தணிக்கிறது என்று ஆய்வில் காட்டினார்கள், அதற்கு முன்பு தீவிர நிலையில் பலர் இறந்துபோனார்கள். ஸ்டீராய்டு தீயை அணைக்கும் மருந்து. ஆண்டுக்கணக்கில் உண்ணும் மருந்தாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவர் சொல்கிறபடி வாரவாரமாகக் குறைக்க வேண்டும். திரும்பத் திரும்ப ஸ்டீராய்டு தேவைப்பட்டால், அசாதயோபிரின், இன்ஃப்ளிக்ஸிமாப், வெடோலிசுமாப், டோஃபாசிடினிப் போன்ற, எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்தும் மருந்துகளில் ஒன்றுக்கு மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற மருந்துகளைத் தொடங்கும் முன் மறைந்திருக்கும் காசநோயும் ஹெபடைடிஸ் பியும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மருந்துக்கு அடங்காதவர்களுக்குப் பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையைப் பையாக மடித்து இணைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு.

என் இரண்டாவது தவறையும் சொல்லிவிடுகிறேன். ஓராண்டு ரத்தமே இல்லாமல் இருந்ததும், குணமாகிவிட்டது என்று நினைத்து மாத்திரையை நானாகவே நிறுத்தினேன். நான்கு மாதம் கழித்து நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பியது. முழங்கால் வலிக்கு இபுபுரூஃபென் விழுங்கியதும் சேர்ந்துகொண்டிருக்கலாம், அவ்வகை வலிமாத்திரைகள் இந்நோயைக் கிளப்பக்கூடியவை. அந்த வலியே இந்த நோயால் வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. மூட்டு, கண், தோல், பித்தநாளம் என்று இதன் பாதிப்பு குடலுக்கு வெளியேயும் போகும். பத்து நாள் மருத்துவமனையில் ரத்தக்குழாய் வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். ஆகவே இதை மனத்தில் வைத்துக்கொள்: ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ, நிமிடத்துக்கு 90ஐத் தாண்டிய நாடித்துடிப்போ இருந்தால், வயிறு உப்பி வலித்தால், முன்பதிவு நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அந்த நிலையில் பேதியை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையை நீயாக எடுத்துக்கொள்ளாதே. பெருங்குடல் அசைவிழந்து ஆபத்தான அளவுக்கு விரிந்துவிடக்கூடும்.

நோய் மலக்குடலைத் தாண்டி மேலே ஏறியிருந்தால், அறிகுறி தொடங்கி எட்டு ஆண்டு ஆனதும் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் கொலனோஸ்கோபிகள் தொடங்கும். அது பிற்காலப் பேச்சு, இப்போதைக்கு முதல் கொலனோஸ்கோபியை முடிப்போம்.

அதுவரை ஒரு தாளில் தினமும் எழுதி வை: எத்தனை முறை போனாய், அதில் எத்தனை முறை ரத்தம் இருந்தது, இரவில் எழுந்தாயா, எடை எவ்வளவு, என்னென்ன மாத்திரைகள் விழுங்கினாய். மருத்துவரின் முன்னால் கூச்சத்தில் நா எழாவிட்டால் அந்தத் தாளை நீட்டிவிடு. நான் அப்படித்தான் செய்தேன். தூக்க ஊசி போட்டால் தனியாகத் திரும்ப விடமாட்டார்கள், துணைக்கு ஆள் வேண்டும். நாள் குறித்ததும் எனக்கு எழுது, நான் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா