கரடியைப் பருக்க வைப்பது மீன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அலாஸ்கா கரடி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் 'ராட்சத இனம்' என்று ஆரம்பித்து, வேட்டைக்காரர்கள் கணக்கு வழக்கில்லாமல் சுட்டுத் தள்ளுவதாக முடித்திருக்கிறீர்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியே காலம் போன எனக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

கடலோரக் கரடி தனி இனம் அல்ல. உள்நாட்டு மலைகளில் கிழங்கு தோண்டித் தின்னும் கிரிஸ்லி கரடியும் அதுவும் ஒரே இனம்தான்; விலங்கியல் பெயர் உர்சஸ் ஆர்க்டோஸ். அலாஸ்காவின் கோடியாக் தீவுக் கரடி மட்டும் சுமார் 12,000 ஆண்டுகளாகத் தீவிலேயே ஒதுங்கிவிட்டதால் துணையினமாகக் கொள்ளப்படுகிறது. அங்கே பெரிய ஆண் 680 கிலோ வரை போகும். உள்நாட்டு ஆண் பெரும்பாலும் அதில் பாதிகூடத் தேறாது. காரணம் சாப்பாடு. கரையில் இருப்பதற்கு, கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறும் சால்மன் மீன் கிடைக்கிறது.

ஜூலையில் அலாஸ்காவின் காட்மாய் தேசியப் பூங்காவின் புரூக்ஸ் அருவியில் மீன் ஏறும்போது, எங்கள் பக்கம் கண்மாய் அழியும் அன்று ஊத்தாவோடு ஊரே இறங்குமே, அப்படிக் கரடிகள் இறங்குகின்றன. நல்ல இடம் பெரிய ஆணுக்குத்தான். சின்னது ஒதுங்கி நிற்க வேண்டும். மீன் குறைவென்றால் முழுசாகத் தின்னும். வந்து குவிந்தால் தோல், மூளை, சினை மட்டும் தின்றுவிட்டு மீதியைப் போட்டுவிடும். கொழுப்பு அங்கேதானே இருக்கிறது! போட்டது கடற்பறவைக்கு இரை, கரையோர மரங்களுக்கு உரம்.

குட்டி பிறப்பதும் இந்தக் கொழுப்பைப் பொறுத்ததே. மே, ஜூனில் இணை சேர்ந்தாலும் கரு உடனே கருப்பையில் ஒட்டாது. நவம்பர் வாக்கில், தாயின் உடம்பில் கொழுப்பு போதுமான அளவு இருந்தால்தான் ஒட்டும். ஜனவரி, பிப்ரவரியில் குகைக்குள்ளேயே அரைக் கிலோ எடையில் குட்டி பிறக்கும். தாய் அப்போது தின்பதுமில்லை, குடிப்பதுமில்லை, சிறுநீர்கூடக் கழிப்பதில்லை. சிறுநீரில் போக வேண்டிய யூரியாவையே திரும்பப் புரதமாக்கிக்கொள்ளும். இந்த இடம் வந்தால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

குட்டிகள் பெரும்பாலும் மூன்று வயது வரை தாயை விடாது. ஒரு பெண் கரடி போனால் அந்த இடத்தை நிரப்ப வருஷக்கணக்காகும். அதனால்தான் கோடியாக்கில் வேட்டை அனுமதியைக் குலுக்கிப் போட்டுத் தருகிறார்கள். ஒருவருக்கு நான்கு ஆண்டுக்கு ஒரு கரடி. குட்டியோடு இருப்பதைச் சுடக் கூடாது. தோலையும் மண்டையோட்டையும் வனவிலங்குத் துறையிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். வயது பார்க்க ஒரு பல்லையும் எடுத்துக்கொள்வார்கள். சுமார் 3,500 கரடியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 180 சுடப்படுகின்றன, பெரும்பாலும் ஆண்கள். காட்மாய் தேசியப் பூங்காவுக்குள் வேட்டையே கிடையாது.

இதைச் சொல்வதால் நான் வேட்டைக்கு வக்காலத்து வாங்கவில்லை. எங்கள் ஊர்ப் பெரிய வீட்டு முகப்புகளில் மான்கொம்பு மாட்டியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவன்தான்; அதில் என்ன பெருமை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சரி, அது என் பாடு. கரடிமேல் அக்கறையோடு எழுதுவதானால் துப்பாக்கியை விட்டுவிட்டு மீன் வரும் ஆற்றைப் பாருங்கள். அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவுக்கு இறங்கும் ஆறுகள் பிறக்கும் இடத்தில் பெப்பிள் என்ற செம்பு, தங்கச் சுரங்கம் தோண்டத் திட்டமிட்டார்கள். சுரங்கக் கழிவை அந்த நீர்நிலைகளில் கொட்டக் கூடாதென்று 2023 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தடை போட்டது. உங்கள் முழுப்பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கானாடுகாத்தான்.