இயந்திர வால்வோடு ஊர் திரும்புவோருக்காக: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை பெற்று உயிர் பிழைத்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த நன்றியோடு இம்மடலை எழுதுகிறேன். அறுவை சிகிச்சைக்குத் துணை நின்ற அரசு, அதன்பின் வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனையையும் எங்கள் ஊருக்கு அருகில் கொண்டுவர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சிறுவயதில் தொண்டைப் புண்ணுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சல்தான் என்னைப் போன்ற பலரின், இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையே உள்ள மைட்ரல் வால்வைக் கெடுத்தது. இளம் வயதினருக்கு, விலங்குத் திசுவால் செய்த திசு வால்வு விரைவில் பழுதடையும் என்பதால் பெரும்பாலும் இயந்திர வால்வே பொருத்தப்படுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம் உருவாக்கி, 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வு, ஏழைகளுக்கும் இச்சிகிச்சை எட்டக் காரணமாயிற்று. ஆனால் இயந்திர வால்வின்மேல் ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க, வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையை ஆயுள் முழுவதும் எடுத்தாக வேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதை ஓர் எண்ணாகக் காட்டி, மாத்திரையின் அளவை முடிவுசெய்ய உதவுவது ஐ.என்.ஆர். பரிசோதனை. மைட்ரல் இடத்தில் இயந்திர வால்வு உள்ளவர்களுக்கு அந்த எண் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும்; குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளலாம் அல்லது பக்கவாதம் வரலாம், மிகுந்தால் மூளையிலோ வயிற்றிலோ ரத்தம் கசியலாம்.

இந்த ஒரு எண்ணுக்காக எங்கள் பகுதியில் மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை இழந்து போவார். அடுத்த முறை தள்ளிப்போடுவார். பிறகு பழைய சீட்டில் உள்ள அளவையே பல மாதம் விழுங்கிக்கொண்டிருப்பார். அவரை அலட்சியக்காரர் என்று கடிந்துகொள்வது நியாயமில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் ஐ.என்.ஆர். காட்டும் கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. வட்டாரத்துக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திலாவது அதை வைத்து, மாத்திரை அளவை மாற்ற அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையோடு தொலைபேசித் தொடர்பும் ஏற்படுத்தித் தந்தால், பல உயிர்கள் தப்பும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறது. அதே பணியாளர்கள் எங்கள் பரிசோதனை நாளையும் நினைவூட்டலாம்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாட்களிலும் கவனம் தேவை. சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வைத் தாக்கக்கூடும் என்பதால் பற்களை முன்பே சரிசெய்ய வேண்டும். எனக்கு இது மருத்துவமனையில் சேர்ந்த பிறகே சொல்லப்பட்டு, அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. தேதி குறிக்கும்போதே பல் மருத்துவருக்கு அனுப்பும் நடைமுறை வேண்டும். மூன்று பந்துள்ள கருவியில் மூச்சை உள்ளிழுக்கும் பயிற்சியையும் அப்போதே கற்றுத்தந்தால், பின்னர் மார்பு வலியோடு திணற வேண்டியிருக்காது.

வீடு திரும்பும்போது தரப்படும் சீட்டு தமிழில் இருக்கட்டும். கம்பியால் இணைத்த மார்பெலும்பு கூடிவர இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும், அதுவரை தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது என்பதைக் குடும்பத்தாரிடமும் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் தண்ணீர் எடுப்பது யார் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. வார்ஃபரினின் வேலையைக் குறைத்துவிடும் என்று கீரையை அறவே ஒதுக்கச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடுவதுதான் முக்கியம் என்று விளக்கினால் போதும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக் கசிவை உண்டாக்கும் என்பது மட்டும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

இளம் பெண்களைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். வார்ஃபரின் கருவின் தொடக்க மாதங்களில் குழந்தையைப் பாதிக்கக்கூடும். பயந்து அதைத் தானாக நிறுத்தினால் தாயின் வால்வு அடைத்துக்கொள்ளலாம். ஆகவே எந்த வால்வு என்று முடிவெடுக்கும் முன்பே பிள்ளைப்பேறு பற்றி அவளிடம் நேரடியாகப் பேச வேண்டும், கணவரிடமோ மாமியாரிடமோ மட்டும் அல்ல. கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் இப்பெண்களுக்குத் தனிக் குறிப்பு இருந்தால், நாள் தள்ளிப்போன உடனே அவர்களை இதய மருத்துவரிடம் அனுப்பிவிட முடியும்.

முதற்கட்டமாக ஒரே ஒரு மாவட்டத்திலாவது இந்த ஏற்பாட்டைத் தொடங்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயந்திர வால்வு பொருத்தப்பட்ட ஒரு நோயாளி